கந்தூரி நகர்ந்தால் கல்லா என்ன ஆகும்? நாகூர் கடைத்தெருவின் காலண்டர் கணக்கு

இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நாகூர் தர்காவில் கந்தூரிக் கொடி ஏறுவது, பிறை தெரிவதைப் பொறுத்து, அதற்கடுத்த சில நாட்களிலேயே. பட்டாசுக் குப்பையை அள்ளி முடிப்பதற்குள் பந்தல் போட ஆரம்பித்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது டபுள் கொண்டாட்டம். தர்காவைச் சுற்றிய வீதிகளில் கடை வைத்திருப்பவர்களுக்கோ தலைவலி. இரண்டு சீசனுக்கான சரக்கையும் ஒரே மாதத்தில் இறக்க வேண்டும், அதற்கான பணத்தையும் ஒரே மாதத்தில் புரட்ட வேண்டும். டெல்டாவில் மழை கொட்டுவதும் அதே மாதம்தான்.

‘சின்னக் கடைகள் நசிகின்றன, எல்லாம் ஆன்லைன் செய்த வேலை’ என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாகூரில் கதை அவ்வளவு நேரானது அல்ல. இங்கே கடைகளின் தலையெழுத்தை எழுதுவது செல்போன் மட்டுமில்லை. பிறை, மேட்டூர் அணை, மீன்பிடித் தடைக்காலம், சிங்கப்பூர் டாலர், சில கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரி எல்லை என்று பல கைகள் எழுதுகின்றன.

கந்தூரி ஏன் நகர்கிறது?

நாகூர் கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதத்தின் முதல் பிறையில் கொடியேற்றத்துடன் தொடங்கி 14 நாட்கள் நடக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு ஊர்வலம் வரும் இரவுதான் கூட்டத்தின் உச்சம். ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணக்கு என்பதால், நம் காலண்டரில் கந்தூரி ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் முன்னே நகர்ந்துகொண்டே வரும்.

பக்தருக்கு இதில் பெரிய வித்தியாசம் இல்லை. வியாபாரிக்கு உண்டு.

2018 முதல் 2020 வரை கந்தூரி தொடங்கியது பிப்ரவரி, ஜனவரி மாதங்களில். நாகை மாவட்டம் காவிரியின் கடைமடை. இங்கே பெரும்பாலான வயல்களின் பிரதான சாகுபடி சம்பா. அது அறுவடைக்கு வருவது பொங்கலை ஒட்டிய வாரங்களில். அதாவது சுற்று வட்டாரக் கிராமங்களில் கையில் காசு புரளும் நேரத்தில் கந்தூரி வந்தது. வானமும் வெளுத்திருந்தது. கடைக்காரர்களுக்கு அதைவிடத் தோதான சீசன் கிடையாது.

இப்போது கந்தூரி நவம்பருக்கு வந்துவிட்டது. இந்த மாதத்தில் சம்பா வயலில் நிற்கிறது. விதை, உரம், களையெடுப்பு, கூலி எல்லாம் விவசாயியின் கையை விட்டுப் போன பணம், திரும்பி வர இன்னும் மூன்று மாதம் ஆகும். குறுவை போட்டவர்களிடம் மட்டும்தான் ஏதோ கொஞ்சம் இருக்கும். அதுவும் நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நனையாமல் விலை போயிருந்தால். 2025 குறுவையில் அறுத்த நெல் அக்டோபர் மழையில் சாலையோரங்களில் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். கடல் பக்கமும் அதே நிலைதான். புயல் எச்சரிக்கை வந்தால் நாகூர் பட்டினச்சேரி படகுகள் கரையிலேயே நிற்கும்.

கடந்த ஆண்டு இது நேரடியாகவே நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் கந்தூரி நடந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டுவிட்டு டெல்டா கடற்கரையை ஒட்டி வந்தது. மழையில் நனைந்த பேரீச்சம்பழப் பெட்டியையோ, ஈரம் ஏறிய ஊதுபத்தியையோ மொத்த வியாபாரி திருப்பி எடுத்துக்கொள்வதில்லை.

2027, 2028 ஆண்டுகளிலும் தீபாவளியும் கந்தூரியும் ஏறத்தாழ இதே நெருக்கத்தில்தான் வருகின்றன. ஆக இது ஒரு வருடப் பிரச்சினை இல்லை. குறைந்தது மூன்று வருடம் இந்தக் கடைத்தெரு இரண்டு பெரிய சீசன்களை ஒன்றாகவும், மழைக்குள்ளும் சந்தித்தாக வேண்டும்.

யாருடைய காசு இங்கே வருகிறது?

நாகூரில் பெரிய ஆலை இல்லை. பக்கத்தில் பனங்குடியில் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. சுமார் 31,500 கோடி ரூபாயில் அதை விரிவாக்கும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் அதை நம்பி இன்று யாரும் மளிகைக் கடை நடத்த முடியாது. கடைத்தெருவை நடத்துவது வேறு ஊர்களிலிருந்து வரும் காசுதான்.

முதலாவது, யாத்ரீகர்கள். சாகுல் ஹமீது ஆண்டவரின் தர்காவுக்கு வருகிறவர்களில் இந்துக்கள் பெரும் பங்கு. 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்ததே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங்தான். பூ, சந்தனம், வேண்டுதல் தகடு, அல்வா, தொப்பி, பொம்மை என்று விற்கும் கடைகளுக்கு வியாழக்கிழமைதான் வாரச் சந்தை மாதிரி. ஆனால் வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு மூன்றையும் ஒரே நாளில் வேனில் சுற்றிவிட்டுப் போவது இப்போது சகஜம். வேன் நிற்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாங்கினால்தான் உண்டு.

இரண்டாவது, ‘சபர்’ காசு. இந்த ஊரில் வெளிநாடு போவதற்குப் பெயரே சபர் போவதுதான். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜுலா போன்ற கப்பல்கள் போன காலத்திலிருந்தே இந்தத் தொடர்பு இருக்கிறது. 1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து முடிவுக்கு வந்தது. ஆட்கள் விமானத்துக்கு மாறினார்கள், பணம் வருவது நிற்கவில்லை. ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்பின்படி இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டுப் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். மகாராஷ்டிரம், கேரளத்துக்கு அடுத்த மூன்றாம் இடம். 2025 டிசம்பரில் டாலரின் மதிப்பு 90 ரூபாயைத் தாண்டியபோது, வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளுக்கு அதே சம்பளம் கூடுதல் ரூபாயாக வந்தது.

ஆனால் அந்தக் காசு வரும் வழி மாறிவிட்டது. ஒரு காலத்தில் ஊருக்கு வருகிறவர் கையில் கொண்டுவருவார், கடைத்தெருவில் செலவாகும். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ்வும் நம் யு.பி.ஐ.யும் இணைக்கப்பட்ட பிறகு, அங்கே போனில் அழுத்தினால் இங்கே போனில் விழுகிறது. போனில் விழுந்த காசு போனிலேயே செலவாகவும் செய்கிறது. துணி, செருப்பு, மிக்ஸி எல்லாம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

மூன்றாவது நெல், நான்காவது மீன். இந்த இரண்டுக்கும் தனித்தனி வறட்சி மாதங்கள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்குப் போதும்? மீதியைத் தாங்குவது தெருமுனைக் கடையின் கடன் நோட்டு.

எல்லை: அந்தப் பக்கம் வேறு சட்டம்

வடக்கே வெட்டாற்றைத் தாண்டினால் வாஞ்சூர். அது புதுச்சேரியின் காரைக்கால் பகுதி. வெளியூர்க்காரர்கள் சரக்கு பாட்டில் ஜோக் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் இந்த எல்லை, நாகூர் கடைகளுக்கு வாழ்நாள் போட்டியாளர்.

2017 ஜூலை 1-க்கு முன் புதுச்சேரியில் பல பொருட்களுக்கு வரி குறைவு. டி.வி., ஃபிரிட்ஜ் வாங்க காரைக்கால் போவது இந்தப் பக்கம் வழக்கமாக இருந்தது. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வித்தியாசம் போனது. நாகூர் கடைக்காரருக்கு லாபம்தானே என்றால், பாதிதான். ஜி.எஸ்.டி.க்குள் வராத பெட்ரோல், டீசல், மது மூன்றும் அந்தப் பக்கம் இன்றும் விலை குறைவு. பெட்ரோல் போடப் போகிறவர் வரும் வழியில் மாத மளிகையையும் காரைக்காலில் முடித்துக்கொண்டு வந்துவிடுகிறார். ஒரே பயணம், இரண்டு வேலை.

பலருக்கும் தெரியாத இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பொருள் விற்கும் கடைக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம். நாளைக்குச் சுமார் 11,000 ரூபாய் விற்கும் நாகூர் கடை வரிக்கணக்குக்கு வெளியே இருக்கலாம். வாஞ்சூரில் நாளைக்கு 5,500 ரூபாயைத் தாண்டினாலே பதிவு செய்ய வேண்டும். இதில் நாகூருக்குத்தான் சாதகம்.

ஆனால் அந்தச் சாதகம் ஆற்றங்கரையோடு நின்றுவிடுகிறது. பதிவு இல்லாத கடை, வரி விதிக்கப்படும் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் விற்கக் கூடாது. விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டும் எளிய காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் வியாபாரிக்கும் இதே தடை உண்டு. வாஞ்சூர்க்காரர் நாகூர் கடைக்கு வந்து கையில் வாங்கிப் போகலாம். அதையே பையனிடம் கொடுத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெலிவரி செய்தால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை! பெரிய ஆன்லைன் கம்பெனிக்கு ஹரியானா கிடங்கிலிருந்து காரைக்காலுக்கு அனுப்புவது ஒரு பொருட்டே இல்லை. நாகூர் நடுத்தெருக் கடைக்குக் கூப்பிடு தூரத்துக்கு அனுப்புவது சட்டச் சிக்கல். 2023 அக்டோபர் முதல் பதிவில்லாத சிறு வியாபாரிகளும் ஆன்லைன் தளங்களில் விற்க அனுமதி உண்டு. அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். நாகூர்க் கடை சென்னைக்கு அனுப்பலாம், காரைக்காலுக்கு முடியாது.

ரொக்கம் அங்கே, கடன் இங்கே

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வரலாம். ‘நானா, நோட்டுல எழுதிக்கோங்க’ என்று சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் நாகூரில் இன்னும் சாகவில்லை. தடைக்காலத்தில் மீனவக் குடும்பமும், அறுவடை வரை விவசாயக் கூலியும், வெளிநாட்டுப் பணம் தாமதமான மாதத்தில் நடுத்தர வீடும் இந்த நோட்டில்தான் ஓடுகிறார்கள். வட்டி இல்லை, அடமானம் இல்லை. முகம்தான் ஜாமீன்.

இந்த ஏற்பாடு ஒரே ஒரு நிபந்தனையில் ஓடியது: காசு இருக்கும் மாதத்திலும் அதே வாடிக்கையாளர் அதே கடைக்கு வந்தார். நல்ல மாத லாபம் கஷ்ட மாதக் கடனைத் தாங்கியது.

அந்த நிபந்தனைதான் இப்போது உடைகிறது. கையில் பணம் வந்ததும் காரைக்கால் சூப்பர் மார்க்கெட், தஞ்சாவூர் ஜவுளிக்கடை, இல்லாவிட்டால் போன். பணம் தீர்ந்ததும் மறுபடி தெருமுனைக் கடை. இதில் வாடிக்கையாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, குறைந்த விலையில் வாங்குவது யாருக்கும் நியாயம்தான். ஆனால் கடைக்காரர் பக்கம் ரொக்க வியாபாரம் குறைந்து, கடன் வியாபாரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு மளிகைக் கடையில் நாளைக்கு 8,000 ரூபாய் விற்பனை, 12 சதவீத லாபம் என்று வைத்துக்கொள்வோம். 960 ரூபாய். வாடகை, மின்சாரம், உதவியாள் கூலி 500 போக மிச்சம் 460. இப்போது 2,000 ரூபாய் விற்பனை மட்டும் வேறு இடத்துக்குப் போகிறது. லாபத்தில் 240 குறையும், வாடகை குறையாது. மிச்சம் 220. விற்பனை கால்வாசி குறைந்ததற்கு, வீட்டுக்குப் போகும் காசு பாதிக்கு மேல் காணாமல் போகிறது. இதே கடையின் நோட்டில் ஒரு லட்சம் ரூபாய் பாக்கி நின்றால், அது பழைய நல்ல நாள் கணக்கிலேயே 217 நாள் வருமானம்.

இந்த நிலைமையில் இரண்டு சீசன் சரக்குக்குப் பணம் வேண்டும். நகைக்கடன் ஒரு வழி. 2025 டிசம்பரில் பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டியதால் அதே வளையலுக்கு இப்போது கூடுதல் கடன் கிடைக்கிறது. கிடைப்பது நல்லதா என்பது மழை பெய்வதைப் பொறுத்தது. நகை இல்லாதவருக்குத் தண்டல். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள், நூறு நாளைக்குத் தினம் நூறு ரூபாய் கட்ட வேண்டும். கேட்க 15 சதவீதம் மாதிரி இருக்கும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது.

வரி குறைந்தது உதவியதா?

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யில் 12, 28 சதவீத அடுக்குகள் போய், பெரும்பாலான பொருட்கள் 5 அல்லது 18 சதவீதத்துக்கு வந்தன. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் 5 சதவீதமானது. 2,500 ரூபாய் வரையிலான துணிக்கும் செருப்புக்கும் 5 சதவீதம். நாகூர் மாதிரி ஊரில் விற்பதில் பெரும்பகுதி இந்த வகைதான் என்பதால் நல்ல செய்தியே. ஆனால் பதிவில்லாத கடைக்காரர் பழைய வரியோடு வாங்கி அடுக்கி வைத்திருந்த சரக்கை, புது விலை கேட்கும் வாடிக்கையாளருக்கு விற்க வேண்டியிருந்தது. கட்டிய வரியைத் திரும்பப் பெற அவருக்கு வழியில்லை. அந்த நஷ்டம் ஒரு தடவையோடு முடிந்தது.

நிலைத்து நிற்பது யு.பி.ஐ. பயம். 2025 ஜூலையில் பெங்களூருவில் யு.பி.ஐ. வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு கர்நாடக வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியதும், அங்கே கடைகளில் ‘ரொக்கம் மட்டும்’ போர்டு தொங்கியதும் நாடு முழுக்கப் பரவியது. விற்றுமுதல் என்பது லாபம் இல்லை, 40 லட்சத்துக்குக் கீழே இருப்பவர் பயப்படவும் தேவையில்லை. இருந்தாலும் தங்கை கல்யாணத்துக்கு மச்சான் அனுப்பிய பணமும் கடை வியாபாரமும் ஒரே கணக்கில் வருவதுதான் நம்மூர் வழக்கம். நோட்டீஸ் வந்தால் எது எது என்று பிரித்துக் காட்டுவது அவர் பொறுப்பு. கடைக்கென்று தனி வங்கிக் கணக்கும் தனி கியூ.ஆர். கோடும் வைத்துக்கொள்வது செலவில்லாத பாதுகாப்பு.

அதே யு.பி.ஐ. வரவுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. கடன் கேட்டுப் போகும்போது அதுதான் கடையின் சாட்சி. நடைபாதையில் விற்பவர்களுக்கு பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணைக் கடன் 15,000 ரூபாய் வரை கிடைக்கிறது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கந்தூரிக்குக் கடை போடுகிறவர் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் அலைந்தால் கைக்கு வராது, இப்போதே விண்ணப்பித்தால் தண்டல்காரரிடம் போகாமல் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது.

கப்பல் திரும்ப வந்தது, கடைத்தெருவுக்கு?

2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கியபோது இந்தப் பக்க வியாபாரிகள் ரொம்பவே எதிர்பார்த்தார்கள். சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் வேறு நிறுவனத்தின் கீழ் மறுபடி ஓடத் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து நான்கு மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கடல் சீறும்போது சேவை நிற்கிறது. அதாவது கந்தூரி இப்போது விழுகிற அதே மாதங்களில். பிப்ரவரிக் கந்தூரியாக இருந்திருந்தால் கப்பலுக்கும் கடைத்தெருவுக்கும் நல்ல ஜோடி.

சரி, காலண்டர் இன்னும் நகர்ந்தால்? 2029-ல் கந்தூரி அக்டோபர் முதல் பாதிக்கு வரும், குறுவைக் காசு கையில் இருக்கும் நேரம், பெருமழை தொடங்காத நேரம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, நெல் நனையாமல் விலை போனால் பழைய ஜனவரி கந்தூரிகளுக்கு நிகரான சீசன் அது. 2032-ல் கந்தூரி செப்டம்பர் முதல் வாரத்தை ஒட்டி வரும். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் நாகையில் இறங்கும். நோட்டில் நிற்கும் பாக்கியோடு அதுவரை தாக்குப்பிடிக்கும் கடைகளுக்கு அது இந்தத் தலைமுறையின் மிகப் பெரிய சீசனாக இருக்கும். அதற்குள் ஷட்டரை இறக்கிவிட்டவர்களின் இடத்தில் அந்த வருடம் வெளியூர்க்காரர்கள் பத்து நாள் வாடகைக்குக் கடை போடுவார்கள்.